சரபோஜி மன்னரும் வாயில்லா உயிர்களும்

உயிர்களிடத்து அன்பு என்பது பலரிடத்தும் தோன்றும் குணமேயாம். குட்டி நாயைக் கண்டு கொஞ்சாத சிறுவனும், கன்றின் நெற்றியைத் தடவாத சிறுமியும் நம் நாட்டில் அரியர். ஆயினும் அவ்வன்பு பெரும்பாலோரிடத்து இளமையோடு கழிந்துவிடுகின்றது. ஒரு சிலரிடத்தே அது வளர்ந்து அறிவாக மாறி, அவ்வறிவு பின்னும் முதிர்ந்து தொண்டாகப் பயன்படுகின்றது. அத்தகைய சிலருள் ஒருவர், நம் சோழவளநாட்டின் தலைநகரில் 1798 முதல் 1832 வரை அரசராய் வீற்றிருந்த இரண்டாம் சரபோஜி மன்னர். நூல்நிலையம் கண்டவர் என்றும், மருத்துவம் வளர்த்தவர் என்றும் அவரை யாவரும் அறிவர். குதிரையும் யானையும் பறவையும் அவர் வாழ்க்கையில் பெற்றிருந்த இடத்தை அறிந்தோர் சிலரே. அதனைச் சிறிது எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காவிரி பாயும் நம் நாட்டில் மனிதன் வாழ்வு விலங்கின் வாழ்வோடு பின்னிக் கிடந்தது. உழவும், போரடியும், நெல்லேற்றிய வண்டியின் ஓட்டமும் மாட்டின் தோள்வலியையே நம்பியிருந்தன. கும்பகோணத்திற்கும் திருவாரூருக்கும் இடையே உள்ள குடவாசலை எடுத்துக்கொள்வோம். தாயின் அடிமைத்தளையை நீக்கும்பொருட்டு அமுத கலசம் ஏந்திச் சென்ற கருடன் என்னும் பறவையோடு அவ்வூரின் தலபுராணம் தொடர்புடையது. அங்குள்ள கோணேசர் ஆலயம், யானை ஏறவியலாதவாறு படிகளை உயர்த்திக் கட்டிய மாடக்கோயில்களுள் ஒன்று. கோச்செங்கட் சோழன் பெயரோடு வழங்குவது. பறவையைப் போற்றிய புராணமும் யானையைத் தடுத்த படிக்கட்டும் ஓரூரிலேயே நிற்கின்றன. விலங்கை வணங்குவதும், அதனிடம் அஞ்சுவதும், அதனைக் கொண்டு வேலை வாங்குவதும் ஆகிய மூன்றும் நம்மவர்க்குப் பழக்கமே. நோயுற்ற மாட்டிற்கு மருந்து கூறும் வாகடச் சுவடிகளும், சுழி பார்த்து மாடு கொள்ளும் வழக்கமும் நம் சிற்றூர்களில் இருந்துவந்தன. இத்தகைய நாட்டிற்கு அரசராய் வந்தவரே சரபோஜி.

அவர் 1777-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் பிறந்தார். தஞ்சையை ஆண்ட போன்ஸ்லே மரபின் கிளையொன்றைச் சேர்ந்தவர். வாரிசின்றி வருந்திய துளஜாஜி மன்னர் 1787-ஆம் ஆண்டில் அவரைத் தத்தெடுத்துக்கொண்டார். அவ்வாண்டிலேயே துளஜாஜி நோய்வாய்ப்பட்டு இறந்தார். இறப்பதற்கு முன், தம் மைந்தனைச் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஒப்படைத்தார். பிரஷ்ய தேசத்திலே 1726-இல் பிறந்து, 1750-இல் தரங்கம்பாடியிலே கரையேறி, திருச்சியிலும் தஞ்சையிலும் நெடுங்காலம் தொண்டு செய்த பாதிரியார் அவர். மதத்தால் வேறுபட்ட ஒருவரிடம் ஓர் இந்து மன்னர் தம் குலக்கொழுந்தை ஒப்படைத்தார் என்பதே அப்பெரியாரின் நேர்மைக்குச் சான்றாகும்.

ஆயினும் பிள்ளையின் வாழ்வு எளிதில் மலரவில்லை. துளஜாஜியின் தம்பி அமர்சிங், தத்து செல்லாதென்று வாதித்து, கம்பெனியாரின் துணையோடு அரியணை ஏறினார். சிறுவர் சரபோஜி அரண்மனையிலேயே காவலில் வைக்கப்பட்டார். ஒளி குறைந்த அறையிலே, கல்வியும் விளையாட்டும் இன்றி நாட்களைக் கழித்தார். வெளியுலகைக் காணவும் வழியின்றி அடைபட்டிருத்தல் இன்னதென்று அவர் இளமையிலேயே உணர்ந்தார். கூண்டில் அகப்பட்ட உயிரின் துன்பத்தை நூலில் கற்போர் உளர். அவரோ அதனைத் தம் உடம்பிலேயே கற்றார் எனலாம்.

செய்தியறிந்த சுவார்ட்ஸ் ஐயர் வாளாவிருக்கவில்லை. சென்னை அரசாங்கத்தாரிடம் முறையிட்டுப் பிள்ளைக்குப் பாதுகாப்புத் தேடினார். 1793-இல் சரபோஜியும் துளஜாஜியின் தேவியரும் சென்னைப்பட்டினத்திற்கு அனுப்பப்பட்டனர். அங்கே வேப்பேரித் திருச்சபையைச் சேர்ந்த கெரிக்கே ஐயர் அவர் கல்வியைக் கவனித்துவந்தார். ஆங்கிலமும், ஐரோப்பிய சாஸ்திரங்களும், இயற்கைப் பொருள்களைக் கண்ணாற் கண்டு, ஒப்பிட்டு, வகைப்படுத்திக் குறித்து வைக்கும் முறையும் அவர்க்குப் பழக்கமாயின. பிற்காலத்தில் அவர் செய்த செயல்கள் யாவற்றிற்கும் இப்பழக்கமே வித்தாயிற்று. தத்து செல்லும் என்று பண்டிதர்கள் மறுபடி ஆராய்ந்து கூறவே, 1798-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் அவர் தஞ்சை அரியணையில் அமர்ந்தார். அவ்வாண்டு பிப்ரவரி 13-ஆம் நாளே சுவார்ட்ஸ் ஐயர் கண்மூடிவிட்டார். தாம் நட்ட மரத்தின் முதற் கனியைக் காணும் பேறு அவர்க்குக் கிட்டவில்லை.

அரியணை கிடைத்தது, அரசு நிலைக்கவில்லை. 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் எழுதப்பட்ட உடன்படிக்கையின்படி நாட்டின் ஆட்சி முழுவதும் கம்பெனியார் கைக்குச் சென்றது. தஞ்சைக் கோட்டையும் அதனைச் சூழ்ந்த சிறு பகுதியும், ஆண்டொன்றுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்திலொரு பங்குமே மன்னர்க்கு மிஞ்சின. அப்போது அவர்க்கு வயது இருபத்திரண்டு. படையில்லை, வரியில்லை, நீதி வழங்கும் அதிகாரமும் இல்லை. இந்நிலையில் அகப்பட்ட இளவரசர் பலர் களியாட்டங்களில் தம் பொருளையும் உடலையும் அழித்துக்கொண்டதை நம் நாட்டுச் சரித்திரம் கூறும். சரபோஜி அவ்வழியிற் செல்லவில்லை. ஆள நாடில்லையேல் அறிய உலகம் உண்டு என்று துணிந்தவர் போல, எஞ்சிய முப்பத்திரண்டு ஆண்டுகளையும் அறிவுக்கே செலவிட்டார்.

அவர் அன்பு செலுத்திய உயிர்களுள் குதிரைக்குத் தனி இடம் உண்டு. 1826-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் தஞ்சைக்கு வந்த கல்கத்தா அத்தியட்சர் ஹீபர் என்பார் மன்னரைக் கண்டு வியந்து எழுதியுள்ளார். பூபோன், லின்னேயஸ், லவாய்சியர் முதலிய ஐரோப்பிய அறிஞர்களின் நூல்களை எடுத்துக்காட்டி உரையாடவும், ஷேக்ஸ்பியரின் கவிநயத்தை ஆராய்ந்து கூறவும் வல்லவர் என்பது அவர் கண்ட ஒரு பக்கம். குதிரையின் தரத்தை உள்ளவாறு மதிப்பிடுவதில் சிறந்தவர் என்று அண்டையிலிருந்த ஆங்கிலப் படைத்தலைவர்கள் அவரை மதித்தனர் என்பது மற்றொரு பக்கம். லின்னேயஸ் உயிர்களை வகைப்படுத்திப் பெயரிட்டவர். பூபோன் விலங்குகளின் இயல்பைப் பல தொகுதிகளாக எழுதியவர். இவர்களைக் கற்ற கண்ணே லாயத்திலும் நின்று குதிரையின் காலையும் தோளையும் நோக்கிற்று என்பதை நாம் கருதவேண்டும். நூலறிவு ஒருபுறமும் தொழிலறிவு மற்றொருபுறமுமாகப் பிரிந்து கிடப்பதே நம் கல்வியின் பெருங்குறை. சரபோஜியிடத்து அவ்விரண்டும் ஒன்றாய் இருந்தன.

மேனாட்டு நூல்களைத் திரட்டியதைப் போலவே நம் முன்னோர் நூல்களையும் அவர் போற்றினார். நாயக்க மன்னர் காலத்திலிருந்து வளர்ந்துவந்த சரசுவதி மகாலை, வடமொழி, தமிழ், தெலுங்கு, மராட்டிச் சுவடிகளாலும் ஐரோப்பிய அச்சு நூல்களாலும் நிரப்பியவர் அவரே. அங்குள்ள சுவடிகளுள் நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரமும், பாலகாப்பிய முனிவர் பெயரால் வழங்கும் கஜ சாஸ்திரமும் வண்ணப்படங்களோடு கூடியவை. குதிரையின் நிறம், சுழி, நடை, வயது, நோய், மருந்து ஆகியவற்றை முன்னது விரிக்கும். யானைகளைப் பத்திரம், மந்தம், மிருகம், மிச்சிரம் என நால்வகையாகப் பகுத்து, ஒவ்வொன்றன் இயல்பையும், பேணும் முறையையும் பின்னது கூறும்.

கஜ சாஸ்திரம் தோன்றிய வரலாறாகச் சொல்லப்படும் கதையும் ஈண்டு நினைக்கத்தக்கது. அங்க நாட்டில் யானைகள் கூட்டமாய் வந்து விளைநிலங்களை அழித்தன. உரோமபாதன் என்னும் அரசன் அவற்றைப் பிடித்துக் கட்டிவைத்தான். காட்டிலே அந்த யானைகளோடு திரிந்து, அவற்றின் புண்ணுக்கு மருந்திட்டு வாழ்ந்த பாலகாப்பியர், தம் தோழர்களைக் காணாது தேடிவந்து, தளைப்பட்டுக் கிடந்தவற்றைக் கண்டு நெஞ்சுருகினார். பேசாது அமர்ந்து அவற்றின் காயங்களுக்குச் சிகிச்சை செய்தார். பின்னர் அரசன் வேண்ட, யானையின் இயல்பனைத்தையும் அவனுக்கு உபதேசித்தார். இக்கதையில் உழவனின் நெல்லும் பொய்யன்று. யானையின் நோவும் பொய்யன்று. இரண்டையும் ஒருங்கே காப்பதற்கு அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதே அதன் உட்பொருள். வேழம் வயலில் இறங்கும் நாடுகளில் இவ்வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

மன்னரின் மருத்துவப் பணியிலும் விலங்குகள் விடுபடவில்லை. அவர் நிறுவிய தன்வந்திரி மகாலில் மூலிகைகள் ஆராயப்பட்டன. சித்தம், ஆயுர்வேதம், யூனானி, ஐரோப்பிய வைத்தியம் ஆகிய பலவும் ஒப்பிட்டு நோக்கப்பட்டன. நோயாளியின் பெயரும், நோயின் குறியும், கொடுத்த மருந்தும், விளைந்த பயனும் ஏட்டில் எழுதி வைக்கப்பட்டன. கண்ணோய்க்குச் செய்த சிகிச்சைக் குறிப்புகள் படங்களோடு இன்றும் காணக் கிடைக்கின்றன. கைகண்ட மருந்துகள் சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரால் தமிழ்ச் செய்யுளாகவும் யாக்கப்பட்டன. அந்த மகாலில் மனிதர்க்கு மட்டுமன்றி விலங்குகளுக்கும் மருந்துகள் செய்யப்பட்டன என்பதே நாம் இங்குக் கருதவேண்டுவது.

இதன் அருமையைக் காலத்தோடு ஒப்பிட்டு அறிதல் வேண்டும். ஐரோப்பாவின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி பிரான்சு தேசத்து லியோன் நகரில் 1762-இல் வகுப்புகளைத் தொடங்கிற்று. இலண்டனில் அத்தகைய கல்லூரி 1791-இல் தோன்றிற்று. விலங்குகளைக் கொடுமை செய்வதைத் தடுக்கும் சட்டமொன்றை ஆங்கிலப் பாராளுமன்றம் 1822-இல் இயற்றிற்று. அதன்பொருட்டுச் சங்கமொன்று இலண்டனில் 1824-இல் கூடிற்று. மேனாட்டிலேயே இவை தளிர்விட்ட அக்காலத்தில், அதிகாரமிழந்த ஓர் இந்திய மன்னர் தம் அரண்மனை மருத்துவச் சாலையில் விலங்கிற்கும் இடம் கொடுத்தார். நம் மாகாணத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது 1903-ஆம் ஆண்டிலேதான். அஃது அமைந்த இடம் சென்னை வேப்பேரி. இளைஞர் சரபோஜிக்கு ஆசிரியராய் இருந்த கெரிக்கே ஐயர் தொண்டாற்றிய அதே வேப்பேரி!

தஞ்சை அரண்மனை வளாகத்தில் அவர் விலங்குக் காட்சிசாலை ஒன்றையும் வைத்திருந்தார். தமிழ்நாட்டில் இவ்வகையில் முதன்முதல் ஏற்பட்டது அதுவே என்பர். பறவைகளையும் விலங்குகளையும் அரண்மனை ஓவியர்களைக் கொண்டு உள்ளது உள்ளவாறே தீட்டச் செய்தார். தெய்வ உருவங்களைப் பொன்னும் மணியும் இழைத்து எழுதிப் பழகிய தஞ்சைச் சித்திரக்காரர், ஒரு சிறு பறவையின் இறகு நிறத்தை வழுவாது எழுதக் கற்றனர். அப்படங்களின் தொகுதியொன்றைத் தஞ்சையில் ரெசிடெண்டாய் இருந்த பெஞ்சமின் டோரின் என்பார்க்கு மன்னர் அனுப்பினார். அஃது இன்று இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. மனிதர் முகத்தையும் விலங்குகளின் முகத்தையும் ஒப்பிட்டுக் காட்டும் லெபிரன் என்னும் பிரெஞ்சு ஓவியரின் படங்களும் சரசுவதி மகாலில் இருக்கின்றன. சிங்கம் போன்ற முகமும், ஆந்தை போன்ற முகமும், ஒட்டகம் போன்ற முகமும் உடைய மனிதரை அவற்றிற் காண்போர், முதலிற் சிரிப்பர், பின்னர்ச் சிந்திப்பர்.

ஈண்டு ஒரு வினா எழும். இத்துணை அன்புடையவர் வேட்டையாடினாரா? ஆம், ஆடினார். புலியைக் குறிதவறாது சுடும் துணிவுடையவர் என்பதையும் ஹீபர் அத்தியட்சரே குறித்துள்ளார். இதனை மறைத்தல் சரித்திரம் எழுதுவோர்க்கு அழகன்று. வேட்டை அக்காலத்து அரசர்க்குரிய கலையாகவும், ஆண்மையின் அடையாளமாகவும் மதிக்கப்பட்டது. கால்நடைகளைக் கொன்று தின்னும் புலியை ஒழிப்பது குடிகளைக் காப்பதாகவும் எண்ணப்பட்டது. காட்சிசாலையில் அடைபட்ட விலங்குகளும் தம் விருப்பத்தால் அங்கு வந்தன அல்ல. இளமையில் தாமே அடைபட்டுக் கிடந்தவர் இதனை எவ்வாறு எண்ணினாரோ! புலியினம் அருகிவிட்ட இந்நாளில் வாழும் நாம், அவர் செய்த அனைத்தையும் அவ்வாறே பின்பற்றவேண்டுவதில்லை. ஒருவர் அன்பு அவர் காலத்தின் எல்லைக்குள்ளேதான் நடமாடும். அவ்வெல்லையைச் சிறிதேனும் அகலச் செய்தாரா என்று பார்ப்பதே நேரிய மதிப்பீடாகும். அவ்வாறு நோக்குமிடத்துச் சரபோஜி பெரியவரே ஆவர். வேட்டையாடிய மன்னர் ஆயிரவர். நோயுற்ற விலங்கிற்கும் மருந்து செய்வித்த மன்னர் எத்துணையர்?

அவர் வாழ்க்கையிலிருந்து விலங்கைப் பழக்கும் தொழிலினர்க்கும் ஒரு பாடம் உண்டு. குதிரையாயினும், யானையாயினும், நாயாயினும், அதன் இயல்பை அறியாமல் ஏவுகின்றவன் கோலையே நம்புவான். அறிந்து ஏவுகின்றவனுக்குக் குரலே போதும். இந்திய இராணுவத்தில் குதிரை, கோவேறு கழுதை, நாய் ஆகியவற்றின் வளர்ப்பும், பயிற்சியும், மருத்துவமும் இன்று ஒரே பிரிவினர் கையில் உள்ளன. பழக்குவதும் பேணுவதும் வெவ்வேறு அல்ல என்பதற்கு அஃதொரு சான்று. குற்றவாளியின் மோப்பம் பிடிக்கும் காவல் நாயும், கண்ணற்றவர்க்கு வழிகாட்டும் நாயும் அடியால் உருவாகின்றன அல்ல. செய்த நற்செயலுக்கு உடனே பரிசளித்து, பிழை நேர்ந்தவிடத்துப் பொறுத்து, மீண்டும் மீண்டும் கற்பிக்கும் ஆசிரியனால் உருவாகின்றன. நம் சிற்றூர் உழவனும் இளங்காளையைப் பழகிய எருதோடு பிணைத்தே ஏருக்குப் பழக்குகின்றான். நல்லாசிரியனின் துணையும் பொறுமையும் இருப்பின் எவ்வுயிரும் கற்கும். சுவார்ட்ஸ் ஐயர் கைப்பிடித்து நடத்திய சிறுவர் இதனைத் தம் அநுபவத்திலேயே அறிந்திருப்பார்.

அவ்வாசிரியரை அவர் ஒருநாளும் மறந்தாரில்லை. பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு, சாகும் தறுவாயிலிருந்த சுவார்ட்ஸ் ஐயரின் கையைத் தாம் பற்றி நிற்பதாகச் சலவைக்கல்லில் சிற்பம் செய்வித்துத் தஞ்சையிலுள்ள ஆலயத்தில் வைத்தார். ஆங்கிலத்தில் இரங்கற்பாவும் தாமே இயற்றினார். இறுதிவரை தம் முன்னோர் சமயத்திலேயே நின்றார். 1820-இல் பெருங்கூட்டத்தோடு காசியாத்திரை சென்றார். ஆயினும் சுவார்ட்ஸ் ஐயரின் மாணவரும் கிறிஸ்தவக் கவிஞருமான வேதநாயக சாஸ்திரியாரை ஆதரித்தார். ஒரத்தநாட்டில் 1803-இல் முத்தாம்பாள் பெயரால் சத்திரம் கட்டி, வழிப்போக்கர்க்கு உணவும் சிறார்க்குக் கல்வியும் வழங்கச் செய்தார். சத்திரங்களின் தருமம் குன்றலாகாதென்று கம்பெனியாரின் பிரதிநிதிக்கு 1801-இல் விரிவாக எழுதினார்.

சரபோஜி மன்னர் 1832-ஆம் ஆண்டு மார்ச்சு 7-ஆம் நாள் விண்ணுலகு எய்தினார். அவர் மைந்தர் சிவாஜி 1855-இல் ஆண்சந்ததியின்றி இறக்கவே, தஞ்சை அரசும் முடிவுற்றது. கோட்டையின் அகழி தூர்ந்தது. லாயத்துக் குதிரைகளும், காட்சிசாலை விலங்குகளும் போன இடம் தெரியவில்லை. ஆயினும் அறிவுக்கு இட்ட வித்து அழியவில்லை. சரசுவதி மகால் 1918-இல் பொதுமக்கள் நூலகமாயிற்று. அசுவ சாஸ்திரம் 1952-இலும் கஜ சாஸ்திரம் 1958-இலும் அந்நூலகத்தின் வாயிலாக அச்சேறின. முத்தாம்பாள் சத்திரம் நிற்கும் அதே ஒரத்தநாட்டில் 2012-ஆம் ஆண்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. மன்னர் அதனை முன்னறிந்து சத்திரம் கட்டினார் அல்லர். எனினும், விலங்கிற்கும் மருந்துண்டு என்று கருதிய ஒருவரின் தரும பூமியிலே அக்கல்லூரி வளர்வது பொருத்தமேயன்றோ?

மாணவ நண்பர்காள்! நம்மில் ஒருவர்க்கும் அரசில்லை. அதனை இழந்து வருந்தவும் வேண்டுவதில்லை. ஆயினும், விரும்பியது கைகூடாமற் போகும் நாள் நம் ஒவ்வொருவர் வாழ்க்கையிலும் வரும். அந்நாளில் எஞ்சி நிற்பது யாது என்பதே கேள்வி. எஞ்சிய கோட்டைக்குள் சரபோஜி ஓர் உலகையே கண்டார். இளமையில் உங்கள் உள்ளத்தை ஈர்த்த எளிய பொருள், அது தெருநாயாயினும், வயலில் இறங்கும் கொக்காயினும், வீட்டுக் கொல்லையில் நிற்கும் பசுவாயினும், அதனைக் குழந்தைத்தனமென்று தள்ளிவிடற்க. அதனை உற்றுநோக்குமின், கண்டதை எழுதி வைமின், அறிந்தோரை அடுத்துக் கேண்மின். அன்பு அறிவாகும், அறிவு பிறவுயிர்க்குப் பயனாகும். பேசவறியாத உயிரின் நோவைப் பேசுமுன்னே உணர்கின்றவன், பேசவல்ல மனிதரின் துயரைக் கேளாதிருத்தல் அரிது. அந்நெஞ்சத்தை நம் மாணவர் ஒவ்வொருவரும் பெறுவாராக!